தபால் செலவு தனி

பழைய வார, மாத இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படும்: "விலை ரூ. 300. தபால் செலவு தனி. வி.பி.பி.யில் பெற விரும்புவோர் ரூ. 75 முன்பணம் அனுப்பவும். முழுத் தொகையையும் மணியார்டரில் அனுப்புவோருக்குத் தபால் செலவு இலவசம்." வி.பி.பி. என்றால், தபால்காரர் பொருளைக் கொடுக்கும்போதே பணத்தை வாங்கி, அதை அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் முறை. மணியார்டர் என்றால் அஞ்சலகத்தில் கட்டி அனுப்பும் பணம்.

கைப்பேசியில் பொருள் வாங்கிப் பழகிய என் அக்கா மகள் இதைப் படித்துவிட்டு வரிசையாகக் கேட்டாள். தனி என்றால் எவ்வளவு? அதை அச்சிட்டுவிட வேண்டியதுதானே? பொருள் வருவதற்கு முன்பே எதற்கு 75 ரூபாய்? மணியார்டர் அனுப்பினால் மட்டும் அந்தச் செலவு எங்கே மறைந்துபோகிறது? நான்குமே நல்ல கேள்விகள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இது தெரிய வந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில். என் தாய்மாமா அங்கே நெசவாளர்களிடம் கோரைப்பாய் வாங்கி, தபாலில் கேட்டு எழுதுகிறவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கல்லூரி விடுமுறைகளில் அவருக்குச் சிப்பம் கட்டிக் கொடுப்பது என் வேலை. அங்கே முதலில் புரிந்துகொண்ட விஷயம், தபால் செலவு என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு கட்டணங்கள் என்பது. எடைக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, வி.பி.பி.க்கு ஒன்று, பணம் திரும்பி வருவதற்கு ஒன்று. நான்கையும் ஒரே ஆள் கட்டுவதில்லை. ஒரே நாளிலும் கட்டுவதில்லை. யார் எதை எப்போது கட்டுவது என்ற ஏற்பாடு முழுவதும் ஒரே அச்சத்தைச் சுற்றி அமைந்தது: சிப்பம் திரும்பி வந்துவிட்டால் நட்டம் யாருக்கு?

முதலில் எடை. 1854-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான அஞ்சல் கட்டணம் வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. அது பக்கத்து ஊருக்குப் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் அரையணாதான். தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் எடையை மட்டும் பார்க்கும் இந்த வழக்கத்தையே நம் அஞ்சல் பார்சலும் பின்பற்றியது. பத்தமடையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பும் அரைக் கிலோவும் அஸ்ஸாமுக்கு அனுப்பும் அரைக் கிலோவும் அன்று ஒரே விலை. எங்கள் ஊர் போன்ற ஒரு மூலையிலிருந்து வியாபாரம் செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்லி முடியாது. அமெரிக்காவில் 1913-இல் பார்சல் தபால் தொடங்கியபோது நாட்டைத் தூரத்தின்படி எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் அனுப்பும் எடை அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர் தம் மண்டலத்தைப் பார்த்து, எடைகளைக் கூட்டி, கட்டணத்தைத் தாமே கணக்கிட்டுப் பணத்தோடு அனுப்ப வேண்டும். நம் ஊர் வாடிக்கையாளருக்கு அந்தப் பாடு இல்லை. அந்தக் கணக்கை விற்பவர் பார்த்துக்கொண்டார்.

விற்பவர் பார்த்துக்கொண்டார் என்றால், அதை ஏன் விளம்பரத்திலேயே அச்சிடவில்லை? ஒருவர் ஒன்று கேட்பார், ஒருவர் ஆறு கேட்பார். எடை முன்கூட்டித் தெரியாது. அதோடு, விலைப்பட்டியலை அச்சிட்டு ஓராண்டுக்கு வைத்திருப்பார்கள். நடுவில் அஞ்சல் கட்டணம் உயர்ந்துவிட்டால் அச்சிட்ட தொகை பொய்யாகிவிடும். ஆகவே "தனி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இனி ஒரு சிப்பத்தைக் கட்டிப் பார்ப்போம். 2000-களில் பல ஆண்டுகள் நடப்பில் இருந்த கட்டணங்களையே எடுத்துக்கொள்கிறேன். பார்சலுக்கு முதல் 500 கிராமுக்கு 19 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 16 ரூபாய். "அதன் பகுதிக்கும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 35 ரூபாய். ஒரு கிலோவும் ஒரு கிராமும் என்றால் 51.

நான்கு தடுக்குகள் கொண்ட கட்டு ஒன்றை மாமா 300 ரூபாய்க்கு விற்றார். தடுக்கு என்பது உட்காருவதற்குப் போடும் சிறு பாய். நான்கையும் சேர்த்து நிறுத்தால் 940 கிராம் இருக்கும். அதை இறுக்கமாகச் சுருட்டி, செய்தித்தாள் சுற்றி, இரு முனைகளிலும் அட்டை வைத்து, அதன் மேல் காடாத்துணி போர்த்தி, கோணூசியில் சணல் கோத்துத் தைக்க வேண்டும். தையல் இடைவெளி விட்டால் அஞ்சலகத்தில் வாங்க மாட்டார்கள். விலாசத்தைத் துணியின் மேலேயே மையால் எழுதுவோம். துணி நனைந்திருந்தால் எழுத்து ஊறிப் பரவிவிடும் என்பதால் மழைக்காலத்தில் அடுப்பங்கரையில் காயவைத்துவிட்டு எழுதுவது வழக்கம். இவ்வளவும் முடிந்து தராசில் வைத்தால் 1010 கிராம்.

நான் முதன்முறை கட்டிய சிப்பம் அப்படித்தான் நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தையலை ஒரு பக்கம் பிரித்தார், இரு அட்டைகளில் ஒன்றை எடுத்தார், மறு அட்டையின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக நறுக்கினார், துணியின் மடிப்பில் மிச்சமிருந்த இரண்டு விரற்கடை அகலத்தை வெட்டிப் போட்டார், திரும்பத் தைத்தார். 990. வெட்டிய துண்டுகள் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அவற்றின் விலை 16 ரூபாய்.

இது முதல் கட்டணம். இரண்டாவது பதிவுக் கட்டணம், 17 ரூபாய். இதற்கு ரசீது உண்டு, வழியில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவு உண்டு. மூன்றாவது வி.பி.பி. கட்டணம். பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வசூலித்துத் தரும் பொறுப்பை அஞ்சல் துறை ஏற்றுக்கொள்வதற்கான கூலி இது. 20 ரூபாய் வரை வசூலிக்க 2 ரூபாய், 50 வரை 3, அதற்கு மேல் 5 ரூபாய். ஆக, மாமா அஞ்சலக ஜன்னலில் கையிலிருந்து கட்டுவது 35, 17, 5 சேர்த்து 57 ரூபாய். இந்தப் பணம் போனது போனதுதான். சிப்பம் விலைபோனாலும் போகாவிட்டாலும் அஞ்சலகம் திருப்பித் தராது.

பொருள் விலை 300, தபால் செலவு 57. இரண்டையும் கூட்டி 357 ரூபாய் வசூலித்துத் தருமாறு படிவத்தில் எழுதுவார். வாங்குகிறவர் வீட்டு வாசலில் தபால்காரர் கேட்கும் தொகை 357 அல்ல, 375. எங்கிருந்து வந்தது அந்த 18 ரூபாய்? இதுதான் நான்காவது கட்டணம். வசூலான பணம் பத்தமடைக்கு மணியார்டராகத் திரும்ப வேண்டும். மணியார்டருக்குக் கமிஷன் 20 ரூபாய்க்கு அல்லது அதன் பகுதிக்கு ஒரு ரூபாய். 357-ஐ இருபது இருபதாக எண்ணினால் பதினேழு முழு இருபதுகளும் ஒரு மிச்சமும்; ஆகவே 18. இதை வாங்குகிறவரே கட்டுவார். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. தபால்காரர் கூடுதலாகக் கேட்கிறார் என்று எத்தனையோ பேர் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். பாவம், அவர் சட்டப்படிதான் கேட்டார்.

அட்டையை நறுக்காமல் 1010 கிராமிலேயே அனுப்பியிருந்தால்? எடைக்கு 51, மொத்தம் 73, வசூல் தொகை 373, கமிஷன் 19, வாசலில் 392. இருபது கிராமுக்காக வாடிக்கையாளர் 17 ரூபாய் அதிகம் கொடுத்திருப்பார். அதனால்தான் மாமா கத்தரியை எடுத்தார். 375 என்று எதிர்பார்த்தவரிடம் 392 கேட்டால் அவர் சிப்பத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும்.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-இல் தொடங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்திராத இருவர் வியாபாரம் செய்ய அது வழி செய்தது. வாங்குகிறவர் முன்கூட்டிப் பணம் அனுப்பி ஏமாற வேண்டாம். விற்கிறவர் கடன் கொடுத்து ஏமாற வேண்டாம். நடுவில் அஞ்சலகம் நிற்கும். ஆனால் இந்த ஏற்பாட்டில் பாரம் ஒரு பக்கம்தான் சாய்ந்திருந்தது. கடிதம் எழுதிக் கேட்டவர் மனம் மாறிவிட்டால் அவருக்கு ஒரு தபால் அட்டைக் காசுதான் நட்டம். அனுப்பியவருக்கு 57 ரூபாயும் துணியும் சணலும் அரைநாள் வேலையும் நட்டம்.

மனம் மாறுகிறவர்கள் எல்லோரும் பொல்லாதவர்கள் அல்லர். சிப்பம் மாதக் கடைசியில் வந்து சேரும், வீட்டில் பணம் இருக்காது. அஞ்சலகம் ஏழு நாள் வைத்திருக்கும். சம்பளத் தேதி எட்டாவது நாள் வரும். கேட்டு எழுதிய பையன் வெளியூரில் இருப்பான், வீட்டுப் பெரியவர் "நாங்கள் எதையும் கேட்கவில்லை" என்று அனுப்பிவிடுவார். ஒரு முறை பம்பாய்க்கு அனுப்பிய கட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. வாங்க மறுத்ததாக மேலே எழுதிச் சுழித்திருந்தது. மாமா அதைத் திண்ணையில் வைத்து, சணலை அறுக்காமல் ஒவ்வொரு தையலாக உருவி எடுத்தார். துணியும் சணலும் அடுத்த சிப்பத்துக்கு ஆகும். உள்ளே தடுக்குகள் நன்றாகவே இருந்தன. பிறகு கணக்கு நோட்டை எடுத்து, "திரும்பியது" என்று தலைப்பிட்ட கட்டத்தில் தொகையை எழுதினார்.

முன்பணம் 75 ரூபாய் வந்தது இந்தக் கட்டத்திலிருந்துதான். 57 தபால் செலவு, மிச்சம் 18 துணிக்கும் கூலிக்கும். சிப்பம் திரும்பினாலும் கையைக் கடிக்காது. வாங்குகிறவருக்கு இதனால் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். 75 ரூபாயை மணியார்டர் செய்யக் கமிஷன் 4. வி.பி.பி.யில் மீதி 282. அதற்குக் கமிஷன் 15. மொத்தம் 376. முன்பணம் இல்லாமல் 375. ஒரே ஒரு ரூபாய் வித்தியாசம். ஆனால் அந்த 75-ஐ அனுப்பியவர் சிப்பத்தைத் திருப்பி அனுப்புவது அபூர்வம். பழைய விளம்பரத்தில் முன்பணம் என்று ஒரு தொகையைப் பார்த்தால், அந்த விற்பனையாளருக்கு ஒரு சிப்பம் திரும்பி வந்தால் எவ்வளவு நட்டம் என்பதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

முழுப் பணமும் முன்பே வந்துவிட்டால் வி.பி.பி. கட்டணம் 5 ரூபாய் வேண்டியதில்லை, திரும்பி வரும் அச்சம் அறவே இல்லை. இன்னொரு லாபமும் உண்டு, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. வி.பி.பி.யில் சிப்பம் போய்ச் சேர ஒரு வாரம், அங்கே சில நாள் காத்திருப்பு, மணியார்டர் திரும்பி வர இன்னொரு வாரம். அதுவரை நெசவாளருக்குக் கொடுத்த பணமும் தபாலுக்குக் கட்டிய பணமும் முடங்கிக் கிடக்கும். சிறு வியாபாரிக்கு முதல் முடங்குவதை விடப் பெரிய கஷ்டம் இல்லை. அதற்காக 52 ரூபாயைத் தாமே சுமந்துகொண்டு "தபால் செலவு இலவசம்" என்று போடுவார்கள். அதில் ஒரு பங்கை 300 ரூபாய் விலைக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மணியார்டர் அனுப்பியவருக்கு மொத்தச் செலவு 315. வி.பி.பி.யில் வாங்கியவருக்கு 375. ஆனாலும் பெரும்பாலோர் வி.பி.பி.யையே கேட்டார்கள். முகம் தெரியாத ஊருக்கு முழுப் பணத்தை முதலில் அனுப்ப மனம் வராது. அந்த 60 ரூபாய், நம்பிக்கை இல்லாததற்கு அவர்கள் கொடுத்த விலை.

அந்த விலையைக் கொடுத்தும் ஏமாந்தவர்கள் உண்டு. வீரவநல்லூரில் என் தாத்தா, இதழில் படம் பார்த்து வடநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கையடக்க ரேடியோ வேண்டி எழுதினார். சிப்பம் வந்த அன்று வாசலில் நடந்த பேச்சு இன்றும் காதில் இருக்கிறது.

"கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டுமா, தம்பி?"

"அதற்கு விதி இல்லை, தாத்தா. பணம் கட்டிய பிறகுதான் கையில் கொடுக்க முடியும்."

கட்டினார். பிரித்தார். படத்தில் இருந்த ரேடியோவின் பாதி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பாட்டரி போட்டும் இரைச்சல் தவிர ஒன்றும் வரவில்லை. தாத்தா தபால்காரரைக் குறை சொல்லவே இல்லை. அவர் கைக்கு வந்ததும் மூடிய சிப்பம்தானே. பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்பதற்கு அஞ்சலகம் பொறுப்பில்லை. ஆனால் தாத்தாவுக்கு அன்று தெரியாத ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமே, மோசடி நடந்திருந்தால் வி.பி.பி.யில் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து வாங்கியவருக்குத் திருப்பித் தர விதி செய்ய இடம் கொடுத்திருந்தது. உடனே அஞ்சலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் அனுப்பியவர் கைக்குப் போகுமுன் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. அவர் ரேடியோவைப் பரணில் போட்டுவிட்டார். எனக்கு அது இன்றும் வருத்தம்.

புத்தகம் வாங்கியவர்களின் பாடு இவ்வளவு இல்லை. திருநெல்வேலிச் சீமைக்கும் புத்தகத் தபாலுக்கும் நெருக்கம் அதிகம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-இல் தோன்றியதே திருநெல்வேலியில்தான். அச்சிட்ட நூல்களுக்கு புக் போஸ்ட் என்று தனி வகுப்பு இருந்தது. பார்சலை விட மிக மலிவு. ஒரு நிபந்தனை, உறையின் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். உள்ளே கடிதம் கிடிதம் வைக்கவில்லை என்று அஞ்சலக ஊழியர் பார்த்து உறுதி செய்துகொள்ள இது வசதி. புத்தகக் கடைகள் தாராளமாகத் தபால் செலவு இலவசம் என்று போட முடிந்ததற்கு இந்த வகுப்பே காரணம். அது 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பதிப்பாளர்கள் கலங்கிப்போனார்கள். 2025 மே மாதம் கியான் போஸ்ட் என்ற புதிய சேவை வந்தது: 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய்.

தபாலில் அடங்காத பொருள்களுக்கு வேறு வழி. படுக்கப் போடும் முழுப் பாயைச் சுருட்டினால் நாலடி நீளம் வரும். அன்றைய தபால் பார்சல் அவ்வளவு நீளத்தை ஏற்காது. அதைச் சேரன்மகாதேவி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரயிலில் எடையோடு தூரமும் சேர்ந்துகொள்ளும். மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை இருந்த காலத்தில் பம்பாய்க்குப் போகும் சரக்கு வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி அகலப்பாதை வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. சில நாட்கள் அங்கேயே போய்விடும் என்று மாமா சொல்வார்.

ரயில் சரக்கில் பணம் வாங்கும் முறைதான் அழகானது. சரக்கை ஏற்றினால் நிலையத்தில் ஆர்.ஆர். என்னும் ரயில்வே ரசீது தருவார்கள். அந்த ரசீது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. பாயை ரயிலில் அனுப்பிவிட்டு, ரசீதை மட்டும் ஓர் உறையில் வைத்து வி.பி.பி.யில் அனுப்புவார்கள். வாங்குகிறவர் தபால்காரரிடம் பணத்தைக் கட்டி ரசீதைப் பெற்று, அதோடு ரயில் நிலையத்துக்குப் போய்ச் சரக்கை எடுப்பார். தாமதமாகப் போனால் நிலையத்தில் சரக்குக் கிடந்த நாட்களுக்கு வார்ஃபேஜ் என்னும் கட்டணம் கட்ட வேண்டும். சரக்கு "பெய்டு" என்றால் ரயில் கூலியை அனுப்பியவர் கட்டிவிட்டார் என்று பொருள். "டு பே" என்றால் எடுக்கிறவர் கட்ட வேண்டும். விலைப்பட்டியலில் இதையே "ரயில் கூலி தங்களைச் சேர்ந்தது" என்று மரியாதையாக எழுதுவார்கள்.

சிவகாசிப் பட்டாசுக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. வெடிபொருளைத் தபாலும் ஏற்காது, பயணிகள் ரயிலும் ஏற்காது. லாரி ஆபீஸ் ஒன்றுதான் கதி. தீபாவளி நெருங்கும்போது லாரி ஆபீஸில் எல்.ஆர். என்னும் லாரி ரசீதோடு நின்று, கூலி கொடுத்துப் பெட்டியை எடுத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

இப்போது மாமாவின் மகன் வியாபாரத்தைப் பார்க்கிறான். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. பழைய மணியார்டர் படிவம் அதற்குப் பத்தாண்டு முன்பே போய்விட்டது. பணம் கைப்பேசியில் வந்துவிடுகிறது, "திரும்பியது" என்ற கட்டத்துக்கு அவனிடம் வேலை குறைவு. அவனுக்கு வந்திருக்கும் சிக்கல் புதியது. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 120 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள பாய்ச் சுருள் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். கூரியர் கணக்கில் அது 5.4 கிலோ.

சென்ற முறை போனபோது அவன் கையில் ஓர் அளவுநாடா இருந்தது. முன்னால் இரண்டு பாய்கள். ஒன்று சாதாரணப் பாய். மடித்தால் கோரை ஒடிந்துவிடும், சுருட்டித்தான் ஆக வேண்டும். மற்றது பட்டுப்பாய், பட்டுப்போல் மென்மையாக நெய்த கோரைப்பாய். அதை நான்காக மடித்து, புடவையை வைப்பதுபோல் ஓர் அட்டை உறைக்குள் வைத்து, மேலே விலாசம் எழுதினான்.